தாமஸ் கிரகாம்

ரசாயன நூல் வல்லாரான தாமஸ் கிரகாம் 1805-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். மைந்தன் திருச்சபைக் குருவாக வேண்டுமென்பது தந்தையின் விருப்பம். மைந்தன் மனமோ ரசாயனத்திலேயே நின்றது. தந்தை சினந்து பொருளுதவியை நிறுத்தவே, அன்னை ஆதரித்தாள். பின்னர் இலண்டன் யூனிவர்சிட்டிக் கல்லூரியில் பேராசிரியராயிருந்து, 1855-இல் அரசாங்க நாணயசாலைத் தலைவரானார்.

அப்பெரும்பதவியிலும் அவர் ஆராய்ச்சியை விட்டாரில்லை. 1866-இல் மெல்லிய ரப்பர்த் தகட்டின் ஒருபுறம் காற்றிருக்க, மறுபுறத்தை வெற்றிடமாக்கி, ஊடுருவி வந்த வாயுவைச் சேர்த்து அளந்தார். காற்றில் நூற்றுக்கு 21 பங்கேயுள்ள பிராணவாயு அதில் 41 பங்கிருந்தது! நுண்ணிய துவாரங்களின் வழியே நுழைந்திருப்பின், அவரே முன்னர்க் கண்ட விதிப்படி, இலேசான நைட்ரஜனன்றோ முந்தியிருக்கும்? ஆகவே வாயு ரப்பரிற் கரைந்து மறுபுறம் வெளிப்படுகின்றதெனத் தெளிந்தார். 1869-இல் காலமானார்.

இன்று நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் மின்னணுப் பொருள் செய்யும் ஆலைகள் பல உள. இத்தகைய ஆலைகளில் தூய நைட்ரஜனைப் பிளாஸ்டிக் குழாயிற் செலுத்தின், உள்ளே அழுத்தம் மிகுந்திருப்பினும், புறத்துப் பிராணவாயுவும் நீராவியும் குழாய்ச் சுவரிற் கரைந்து உட்புகும். எங்கும் ஓட்டை இராது. தூய்மை மட்டும் குறையும். குழாய் நீண்டும் மெலிந்தும் வெம்மையுற்றும் இருக்குமளவிற்கு இக்கசிவும் பெருகும். இதனை அளப்போர் இன்றும் கிரகாம் போலவே, சுவரின் மறுபுறம் வந்த வாயுவைச் சேர்த்து அளக்கின்றனர்.