ரேச்சல் கார்சன் அம்மையார்

அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்பது ஓர் ஊர். அவ்வூரில் 1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் ரேச்சல் கார்சன் பிறந்தார். அவர்தம் குடி செல்வக் குடியன்று. ஆயினும், வீட்டைச் சூழ்ந்து ஏறத்தாழ 65 ஏக்கர் அளவில் தோப்பும் காடும் இருந்தன. திருமணத்திற்கு முன் ஆசிரியப் பணி புரிந்த அன்னையார், தம் இளைய மகளைக் கைப்பற்றி அழைத்துக்கொண்டு அத்தோப்பினூடே உலாவுவார். இப்பறவை எங்குக் கூடு கட்டுகிறது, இப்புழு எவ்விலையைத் தின்கிறது, அப்புழுவைத் தின்பது யாது என ஒவ்வொன்றாகக் காட்டுவார். ஏட்டில் கற்பதற்கு முன்னரே உயிர்களின் உறவினைக் கண்ணால் கற்கும் பேறு அச்சிறுமிக்கு வாய்த்தது.

எழுத்தின்மீதும் அவருக்கு அளவிறந்த ஆர்வம் இருந்தது. அவர் எழுதிய கதையொன்று, அவரது பதினோராம் அகவையில் சிறுவர் இதழில் வெளிவந்தது. கல்லூரியில் முதலில் அவர் எடுத்துக்கொண்ட பாடம் ஆங்கில இலக்கியமே. இடையில் அதனை விடுத்து உயிரியலை மேற்கொண்டார். மொழியாசிரியனாகிய எனக்கு இச்செய்தி முதலில் சிறிது வருத்தம் தந்தது உண்மை. ஆனால், அவர் மொழியைத் துறந்தாரல்லர். தாம் எழுதுவதற்குரிய பொருளைத் தேடிச் சென்றார் என்பதே பொருந்தும்.

1929ஆம் ஆண்டில், உட்ஸ் ஹோல் என்னும் கடலாய்வு நிலையத்திற்குச் சென்றபோதுதான் அவர் கடலை முதன்முதலாகக் கண்டார். 1932இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1935இல் தந்தையார் மறைந்தார். குடும்பச் சுமை இவர் தோள்மேல் விழுந்தது. மறு ஆண்டு அரசாங்க மீன்வளத் துறையில் பணியேற்றார். 1941இல் இவரது முதல் நூல் வெளிவந்தது. கடலில் ஓர் உயிர் மற்றோர் உயிரைச் சார்ந்து வாழும் வாழ்வே அந்நூலின் பொருள்.

அவ்வாழ்வினை ஈண்டுச் சிறிது விளக்குதல் தகும். கடல்நீரின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய தாவரங்கள் மிதக்கின்றன. அவை கதிரவன் ஒளியைக்கொண்டு தமக்கு வேண்டும் உணவைத் தாமே ஆக்குகின்றன. அவற்றைச் சிறிய மிதவையுயிர்கள் தின்னும். மிதவையுயிர்களைச் சிறு மீன்களும், சிறு மீன்களைப் பெரு மீன்களும், அவற்றைக் கடற்பறவைகளும் உண்ணும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் செல்லும் தொடர்பே உணவுச் சங்கிலி எனப்படும். ஆனால், ஒரு மீன் ஓர் உணவையே நம்பி வாழ்வதில்லை. அதனைத் தின்பதும் ஒரே பறவையன்று. எனவே, பல சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வலையாகின்றன. இதனை உணவு வலை என்பர். சார்லஸ் எல்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1927இல் எழுதிய நூலால் இக்கருத்து அறிவியல் உலகில் வேரூன்றியது. பொதுமக்கள் உள்ளத்தில் அதனைப் பதித்த பெருமையில் பெரும்பங்கு கார்சன் அம்மையாருக்கு உரியது.

1951இல் கடலைப் பற்றி அவர் எழுதிய இரண்டாம் நூல் பெரும்புகழ் பெற்றது. பொருட்கவலை நீங்கவே, 1952இல் அரசுப் பணியினின்றும் விலகினார். இனிக் கடற்கரையில் அமைதியாக இருந்து எழுதலாம் என்று எண்ணியிருப்பார். காலம் வேறொரு கடமையைக் கொணர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி பரவலாயிற்று. பேனாலும் கொசுவாலும் பரவும் கொடுநோய்களினின்றும் அது மக்களைக் காத்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று. அதன் ஆற்றலைக் கண்டறிந்தவருக்கு 1948இல் நோபல் பரிசும் கிடைத்தது. போர் முடிந்தபின் அதனையும் அதன் இனத்தைச் சார்ந்த பிற நஞ்சுகளையும் வானூர்திகளிலிருந்து வயல்களிலும் காடுகளிலும் அளவின்றித் தூவினர். 1958இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலிருந்து தோழி ஒருவரின் மடல் வந்தது. மருந்து தூவியபின் தம் தோட்டத்துப் பறவைகள் மடிந்து கிடந்ததை அவர் எழுதியிருந்தார். அம்மடல் கார்சனை ஆராயத் தூண்டியது.

அவர் திரட்டிய சான்றுகளுள் இரண்டினைக் காண்போம். கலிபோர்னியாவில் கிளியர் ஏரி என்றொரு பெரிய ஏரி உள்ளது. அங்கே சிறு பூச்சிகள் மொய்த்து மக்களுக்குத் தொல்லை தந்தன. அவை கடிப்பனவும் அல்ல. அவற்றை ஒழிக்க 1949இலும், பின்னர் 1954இலும் 1957இலும் டி.டி.டி.க்கு நெருங்கிய உறவுடைய நஞ்சொன்றை ஏரியில் கலந்தனர். மிகுதியாகக் கலந்தபோதும் 5 கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு நஞ்சுதான். இதனால் யாருக்கு என்ன கேடு வரும் என்று கருதினர். ஆனால், அந்த ஏரியை நாடி வந்த முக்குளிப்பான் பறவைகள் நூற்றுக்கணக்கில் செத்து மிதந்தன. நோய்க்கிருமி உண்டோ என்று தேடினர், இல்லை. இறுதியில் பறவையின் கொழுப்பை ஆராய்ந்தனர். அதில் 10 இலட்சம் பங்குக்கு 1,600 பங்கு நஞ்சு இருந்தது!

இஃது எங்ஙனம் நேர்ந்தது? மிதவையுயிர்களின் உடலில் 10 இலட்சத்திற்கு 5 பங்கு இருந்தது. அவற்றைப் பெருந்தொகையாக உண்ட மீன்களில் 40 முதல் 300 பங்கு வரை சேர்ந்திருந்தது. அம்மீன்களை உண்ட பறவையில் அது மேலும் பெருகிற்று. உண்ட உணவு செரித்து மறையும். இந்நஞ்சோ மறையாது கொழுப்பில் தங்கிவிடும். ஆதலால், சங்கிலியில் ஏற ஏறத் திரண்டுகொண்டே போயிற்று. சில நாள் கழித்து ஏரிநீரை ஆராய்ந்தவர்கள் அதில் நஞ்சின் சுவடும் காணவில்லை. அது நீரைவிட்டு அகன்றதே தவிர, ஏரியை விட்டு அகலவில்லை. அங்கு வாழ்ந்த உயிர்களின் உடலுக்குள் புகுந்துகொண்டது. ஆயிரம் இணைகளுக்கு மேல் கூடு கட்டிய அவ்வேரியில், 1960இல் ஏறத்தாழ 30 இணைகளே எஞ்சின. அவையும் குஞ்சு பொரிக்கவில்லை.

மற்றொன்று நிலத்தில் நிகழ்ந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களை நோய் தாக்கியது. நோயைப் பரப்பும் வண்டுகளைக் கொல்ல 1954 முதல் மரங்களுக்கு டி.டி.டி. தெளித்தனர். இலையுதிர் காலத்தில் இலைகள் வீழ்ந்தன. மண்புழுக்கள் அவ்விலைகளைத் தின்றன. புழுக்களுள் பல சாகாமல் நஞ்சினைச் சுமந்து வாழ்ந்தன. இளவேனிலில் திரும்பிவந்த ராபின் பறவைகள் அப்புழுக்களைத் தின்று துடிதுடித்து மாண்டன. பெரிய புழுக்கள் 11 போதும், ஒரு ராபினைக் கொல்ல. அத்துணைப் புழுக்களை அப்பறவை சில நிமிடங்களில் தின்றுவிடும். மருந்து தெளித்தவர் எவரும் ராபினைக் கொல்ல எண்ணவில்லை என்பதே இதில் நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி.

இச்சான்றுகளைத் தொகுத்துவந்த நாளில் அம்மையாரை அடுத்தடுத்துத் துன்பம் சூழ்ந்தது. 1958 இறுதியில் அன்னையார் காலமானார். தாயை இழந்த சிறுவன் ஒருவனை, தம் உறவினர் மகனை, வளர்க்கும் பொறுப்பும் இவருடையதாயிற்று. 1960இல் அவருக்குப் புற்றுநோய் கண்டது. நோயைப் பிறர் அறியின், தம் நோயினால் எழுந்த சினமே நூலாயிற்று என்று பகைவர் பழிப்பர். அதற்கு அஞ்சி அதனை மறைத்தே எழுதினார். 1962ஆம் ஆண்டு செப்டம்பரில், மௌன வசந்தம் என்று தமிழில் குறிக்கப்பெறும் அந்நூல் வெளிவந்தது. கட்டுரையாசிரியருக்குரிய தெளிவும் ஆய்வாளருக்குரிய சான்றும் அதில் ஒருங்கே அமைந்தன.

எதிர்ப்பு மூண்டது. மருந்து ஆக்கும் நிறுவனங்கள் பெரும்பொருள் செலவிட்டு மறுத்தன. உணர்ச்சிக்கு ஆட்பட்ட பெண் என்றும், அறிவியல் அறியாதவர் என்றும் இகழ்ந்தோர் பலர். மருந்தே கூடாதென்று அவர் யாண்டும் கூறவில்லை. விளைவறியாது கண்டபடி தூவற்க என்றே வேண்டினார். குடியரசுத் தலைவர் கென்னடி அமைத்த அறிவியற் குழு 1963 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. அது அவர் கூறியவற்றைப் பெரிதும் அரண் செய்தது. அடுத்த மாதமே, நோயால் நலிந்த உடலோடு, மேலவைக் குழுவின்முன் தோன்றிச் சான்றுரைத்தார். 1964 ஏப்ரல் 14ஆம் நாள் தம் 56ஆம் அகவையில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மீனுண்டு வாழும் வெண்தலைக் கழுகு அருகிவருவதையும் அவர் தம் நூலில் குறித்திருந்தார். கூடுகளில் முட்டைகள் பாழாவதை அறிந்து நஞ்சினை ஐயுற்றார்; காரணம் முழுதும் புலப்படவில்லை. 1967இல் இங்கிலாந்தில் வல்லூறுகளின் முட்டைகளை ஆராய்ந்த ஒருவர் அவற்றின் ஓடு மெலிந்திருப்பதைக் கண்டார். உணவின் வழி ஏறிய நஞ்சே ஓட்டினை மெலியச் செய்தது என்பதும், அடைகாக்கும் தாயின் பாரத்தாலேயே முட்டைகள் நொறுங்கின என்பதும் பின்னர் வெளியாயின. 1972இல் அமெரிக்க அரசு வேளாண்மையில் டி.டி.டி.யைத் தடை செய்தது. அம்மையார் நூல் எழுதிய காலத்தில், அலாஸ்கா நீங்கலாக அந்நாட்டில் கூடு கட்டிய கழுகிணைகள் 500க்கும் குறைவு. அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து 2007இல் அப்பறவையை நீக்கியபோது, அவை 9,000க்கும் மிகுதியாகப் பெருகியிருந்தன.