சீகன்பால்கு ஐயர்

சோழவள நாட்டின் கீழ்கடற்கரையில், அலைகள் ஓயாது மோதும் இடத்தே, தரங்கம்பாடி என்றொரு சிற்றூர் உளது. பழைய கல்வெட்டிற் சடங்கன்பாடி எனக் காணப்படும் அவ்வூரைத் தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620-ஆம் ஆண்டில் டேனியர்க்கு வாணிகத்தின் பொருட்டு அளித்தனர். டேனியர் அங்குக் கோட்டை ஒன்று எடுத்து, ஆண்டுதோறும் தஞ்சைக்குத் திறை செலுத்தி வாழ்ந்தனர். எண்பத்தாறு ஆண்டுகள் கழிந்தன. 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள், சோபியா ஹெட்விக் என்னும் மரக்கலத்தினின்று ஜெர்மானிய இளைஞர் இருவர் அக்கரையிற் கால் வைத்தனர். ஒருவர் புளூட்சோ, மற்றவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. பின்னவர்க்கு அப்பொழுது இருபத்து நான்கு அகவை நிரம்பும் தறுவாய்.

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு எழுதிய ஆணையோலை அவர்கள் கையில் இருந்தது. அரசனுடைய ஓலை கொணர்ந்தவரை அரசனுடைய கோட்டைத் தலைவன் எதிர்கொண்டு அழைத்தல் முறையன்றோ? நிகழ்ந்தது வேறு. தலைவராகிய ஹஸியஸ் என்பார் அவ்விருவரையும் நெடுநேரம் காக்கவைத்து, கடுஞ்சொற் சில கூறி, கடைத்தெருவிலே விட்டுப் போயினர். அந்நிய நாட்டில், மொழி அறியாது, தங்கும் இடமும் அறியாது, மாலைப்பொழுதில் நடுத்தெருவில் நின்ற அவ்விளைஞர்மீது இரக்கம் கொண்ட ஒருவர் உறைவிடம் காட்டினர் என்ப. சமய ஊழியர் வருகையால் வாணிகம் கெடும் என்பது வணிகர் அச்சம். அவ்வச்சமே பின்னர் வந்த இன்னல்கள் பலவற்றுக்கும் வித்தாயிற்று.

இன்னல் அவருக்குப் புதியதன்று. 1682-ஆம் ஆண்டு சாக்சனி நாட்டில் புல்ஸ்னிட்சு என்னும் ஊரிற் பிறந்த இவர், இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தவர். தாயார் மரணப் படுக்கையில் மக்களை அழைத்து, அவர்கட்கென ஒரு பெருஞ்செல்வம் சேர்த்து வைத்திருப்பதாகக் கூறி, தம் கண்ணீரால் நனைந்த வேதபுத்தகத்தைச் சுட்டினர் என்று ஒரு வரலாறு வழங்குகின்றது. உடல்நலமும் அவர்க்கு வாய்க்கவில்லை. ஹாலே நகரத்தில் பிராங்கே என்னும் பேராசிரியரிடம் கல்வி பயிலுங் காலத்தே, வயிற்றுநோய் அவரைப் பலகால் வருத்திப் படிப்பையே இடைமுறித்தது. நோயாளியாகிய தம்மைக் கடவுள் எப்பணிக்கு அழைத்தார் என அவர் கலங்கிய நாட்கள் பல. அக்கலக்கத்தின் நடுவேதான் இந்தியாவுக்குச் செல்லும் அழைப்பு வந்தது. ஐயந்தீர்ந்த பின்னர்ப் புறப்பட்டாரல்லர், ஐயத்தோடே கப்பலேறினார். ஏறக்குறைய ஏழரைத் திங்கள் கடலிற் கழிந்தன.

தரங்கம்பாடியில் அவர் முதலிற் செய்தது யாது? பிரசங்கமன்று. திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதத் தொடங்கினார். பல்கலைக்கழகத்திற் பயின்ற குருவானவர் ஒருவர் ஐந்து வயதுக் குழந்தைகளின் பக்கத்தே அமர்ந்து ஆனா ஆவன்னா சொல்லிய அக்காட்சியை, தமிழ் பயிலும் எம்மனோர் நினையாதிருத்தல் அரிது. இலக்கண நூலைத் திறந்தவுடன் சோர்வுறும் யாம் அதை நினைத்து நாணுதலும் உண்டு. பின்னர், பல மொழிகள் அறிந்த அழகப்பன் என்பாரைத் துணையாகக் கொண்டு, காலையும் மாலையும் சுவடிகள் படித்தார். படித்தவை நூற்றுக்கு மேற்பட்டன. திருக்குறளும் சிவவாக்கியமும் அவற்றுள் அடங்கும். 1708-ஆம் ஆண்டிலேயே நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் ஆக்கினார்.

இவர் செய்கை யாவும் போற்றத்தக்கன என்று யாம் கூறோம். வந்த புதிதில், ஊர்ப்புறக் கோயில் ஒன்றில் இருந்த மண்ணுருவங்களின் தலைகளை உடைத்தனர் என்பதும் அவர் வரலாற்றில் உள்ளதே. இளமையின் துடுக்கும் அறியாமையும் அச்செயலிற் கலந்திருந்தன. ஆயினும் தமிழ் நூல்களைக் கற்கக் கற்க, நாகரிகமற்றோர் எனத் தாம் எண்ணி வந்த மக்கள் அறநெறியிற் சிறந்தோர் என்பதை உணர்ந்தார். முன்பு கொண்ட எண்ணம் பிழையென எழுதி ஒப்புக்கொள்ளவும் தயங்கினாரல்லர். தம் பிழையை எழுத்தில் வைத்தவர் அக்காலத்து எத்துணைப் பேர்?

1707-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14-ஆம் நாள், எருசலேம் என்னும் பெயரால் சிறிய கோயில் ஒன்று பிரதிஷ்டை செய்யப்பெற்றது. அடுத்த ஆண்டு துன்பம் திரண்டு வந்தது. ஐரோப்பாவினின்று அனுப்பப்பெற்ற பணம், கப்பலினின்று கரைக்கு வரும் வழியில் தோணி கவிழ்ந்து கடலில் மூழ்கிற்று. பள்ளிப் பிள்ளைகட்குச் சோறிடக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. அந்நிலையிலே ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில், அவளுக்கு நீதி வழங்கப்படவில்லை எனக் கண்டு, ஐயர் அவள் பொருட்டுப் பரிந்து பேசினர். ஹஸியஸ் சினந்தெழுந்தார். நவம்பர்த் திங்கள் 19-ஆம் நாள் சிப்பாய்கள் வந்து ஐயரைக் கோட்டைக்கு இழுத்துச் சென்றனர்.

நான்கு திங்கள் சிறையிருந்தார். வெம்மை மிக்க சிற்றறை. முதலில் எழுதுகோலும் மையும் மறுக்கப்பட்டன. அக்டோபரிலே தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு அவ்வளவில் நின்றது. வெளியே, புதிதாய்ச் சபையிற் சேர்ந்த ஏழை மக்கள் மேய்ப்பரின்றி அஞ்சி நின்றனர். எழுதுகருவி கிடைத்த பின்னர், கிறிஸ்தவ வாழ்வைக் குறித்துத் தம் தாய்மொழியில் நூல் எழுதலானார். 1709-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26-ஆம் நாள் விடுதலை பெற்றார்.

செம்பாக்கத்தில் யாம் சிறுவராய் இருந்தபோது ஞாயிறு பள்ளியிற் கேட்ட கதை இவ்விடத்தில் முடிந்தது. விசுவாச வீரர் சிறை புகுந்தார், சிறை வென்றார், பின்பு வேதத்தைத் தமிழில் அச்சிட்டார் என்று ஆசிரியர் முடிப்பர். யாங்களும் மகிழ்ந்து வீடு திரும்புவோம். கதை பொய்யன்று. ஆயினும் அவர் வாழ்வின் பெருஞ்சோதனை சிறையன்று என்பது, அவர் வரலாற்றைப் பின்னர் விரிவாகப் படித்தபோதுதான் எமக்குப் புலனாயிற்று. சிறையில் இட்டவன் பகைவன். பகைவன் துன்பம் செய்வது இயல்பே. அன்பர் செய்த துன்பத்தைப் பற்றியே இனிச் சொல்ல வேண்டும்.

அதற்குமுன் அச்சகத்தைப் பற்றிச் சில கூறுதும். 1711-ஆம் ஆண்டு மார்ச்சில் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு நிறைவெய்தியது. அவ்வாண்டே புளூட்சோ நாடு திரும்பினர். இங்கிலாந்திலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் அச்சுப்பொறி ஒன்று அனுப்பினர். அதைக் கொணர்ந்த கப்பல் வழியிற் பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கிற்று. பொறியோடு வந்த அச்சுத் தொழிலாளரும் கடலிலேயே இறந்தார். ஒருவாறு பொறி மட்டும் வந்து சேர்ந்தது. ஹாலேயில் வார்த்தனுப்பிய தமிழ் எழுத்துக்களோ அளவிற் பெரியன. அவற்றால் அச்சிடின் உள்ள காகிதம் போதாது. அதனால், பாலாடைக்கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்கள் வார்த்தனர். பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தனர். 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் எஞ்சிய நிருபங்களும் வெளிவந்தன. இந்திய மொழியொன்றில் அச்சேறிய முதற் புதிய ஏற்பாடு அதுவே.

இனி அன்பரால் வந்த துன்பம். 1709-ஆம் ஆண்டு ஜூலையில் புதிய ஊழியர் மூவர் வந்தனர். அவருள் குருண்ட்லர் என்பார் ஐயருக்கு உயிர்த்தோழரானார்; போவிங்கு என்பாரோ சிறிது காலத்தில் மனம் மாறி, ஐயருக்கு எதிராக ஐரோப்பாவில் எழுதவும் துணிந்தார். 1713-இல் ஐயர் தென்னாட்டுத் தெய்வங்களின் மரபினை ஆராய்ந்து பெருநூல் ஒன்று எழுதி, ஆசிரியர் பிராங்கேக்கு அனுப்பினார். தமிழ் மக்களோடு இருந்து உரையாடி, அவர்கள் வாய்மொழியையும் மடல்களையும் தொகுத்து ஆக்கிய நூல் அது. பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அந்நிய சமயத்தை வேரறுக்கச் சென்றவர் அதன் கதைகளை ஐரோப்பாவிற் பரப்புவதா என்பது அவர் கருத்து. அந்நூல் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கி, 1867-இல்தான் நம் சென்னை மாநகரில் அச்சாயிற்று. தம் உழைப்பிற் பெரியதொன்று வெளிவந்ததை ஐயர் கண்டாரல்லர்.

1714-ஆம் ஆண்டு இறுதியில், மலையப்பன் என்னும் தமிழிளைஞருடன் ஐரோப்பாவுக்குச் சென்றார். கப்பலிற் செல்லும்போதே தமிழிலக்கணம் ஒன்றை இலத்தீனில் எழுதினார். அது 1716-இல் ஹாலேயில் வெளிவந்தது. மன்னரைக் கண்டார், மரியா டோரதியா என்னும் நங்கையை மணந்தார், 1716 ஆகஸ்டில் மனைவியோடு சென்னையில் இறங்கித் தரங்கம்பாடி சேர்ந்தார். ஹஸியஸ் போய்விட்டார். புதிய தலைவர் நண்பர். 1717 பிப்ரவரியில் புதிய எருசலேம் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. துன்பநாள் ஒழிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

ஆயின் கோபன்ஹேகனில் மிஷன் சங்கத்துக்கு வெண்ட் என்பார் செயலாளராய் அமர்ந்திருந்தார். அவர் பக்தியுடையவர், தீயவர் அல்லர். அதுவே கொடுமை. அப்போஸ்தலர் காலத்து ஊழியர் கோயில் கட்டினரா, பள்ளி நடத்தினரா, பொருள் தேடினரா என்பது அவர் வாதம். ஊழியர் ஊரூராய்த் திரிந்து வசனத்தை மட்டும் விதைத்தல் வேண்டும். ஏனைய யாவும் உலகப்பற்று என்று அவர் கருதினார். அனுப்பும் பணம் சுருங்கிற்று. அனுப்பும் கடிதம் கடுமையாயிற்று. மணலில் எழுத்துக் கற்றதும், பசித்த பிள்ளைகட்கு உணவிட்டதும், ஈயம் உருக்கியதும், கோட்டைச் சிறையிற் கிடந்ததும் ஒருங்கே குற்றமாகி நின்றன.

அக்காலத்துக் கடிதப் போக்குவரத்தின் நிலையையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். ஒரு மடல் கடல் கடந்து வர அரையாண்டுக்கு மேல் செல்லும். மறுமொழி போய்ச் சேர அதுவே காலம். குற்றம் சாட்டினவர்க்கு விடை எழுதியவர், அவ்விடை ஏற்கப்பட்டதா என அறியுமுன் ஓராண்டு கடந்துவிடும். மருத்துவமோ எட்டாத தூரம். பழைய வயிற்றுநோய் மீண்டும் தலையெடுத்தது. உடலுக்குச் செய்யும் பணியையும் ஆன்மாவுக்குச் செய்யும் பணியையும் பிரித்தல் இயலாது என்பது ஐயரும் குருண்ட்லரும் கொண்ட துணிபு. அதை அவர்கள் தெளிவாக எழுதியும் விட்டனர். அதன்மேற் செய்யக்கூடியது யாது? தம் பெயரைக் காக்கக் கப்பலேறிக் கோபன்ஹேகன் செல்லலாம்; பணியை உதறலாம். ஐயர் பழைய ஏற்பாட்டின் அடுத்த அதிகாரத்தை எடுத்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

இதனை நெஞ்சுரம் என்று சொல்லிவிடல் எளிது. எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர் மனம் உடைந்தது என்பதை உடனிருந்தோர் மறைத்திலர். மேலோரின் கடிதங்கள் அவர் நோயை மிகுவித்தன என்றே வரலாறு கூறுகின்றது. உடைந்த மனத்தோடும் அவர் பணியை விட்டிலர். விசுவாசம் என்பது கலக்கம் அற்ற நிலை என எண்ணுவோர் அவ்வறையில் விசுவாசத்தைக் காண்டல் அரிது. காலையில் மெய்ப்படி திருத்தலும், பிள்ளைகட்கு வினாவிடை கற்பித்தலும், மாலையில் ஜெபமும் அங்கே நடந்தன. தாம் செய்வது சரி என்று சொல்ல ஐரோப்பாவினின்று ஒரு குரலும் வாராத காலத்தும், மறுநாட் காலையில் அவை மீண்டும் நடந்தன.

1718 அக்டோபர் 11-ஆம் நாள் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையாயிற்று. அரசர் வீதியில் அவ்வாலயம் இன்றும் நின்று வழிபாடு நடக்கின்றது. அதிற் பிரசங்கிக்கும் வலிமை ஐயருக்கு நெடுநாள் இல்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், மிஷன் பொறுப்பைக் குருண்ட்லரிடம் ஒப்புவித்தார். 1719 பிப்ரவரி 23-ஆம் நாட் காலை, இயேசுவே தம் நம்பிக்கை எனப் பொருள்படும் ஜெர்மானியக் கீர்த்தனை ஒன்றைப் பாடும்படி வேண்டினார். பாடினர். சூரியன் முகத்தில் நேரே வீசுவது போல ஒளி தோன்றுகிறதென்று சொல்லிக் கையாற் கண்களை மறைத்தனர் என்ப. சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. அகவை முப்பத்தாறு. தாம் கட்டிய ஆலயத்துள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

குருண்ட்லரும் அடுத்த ஆண்டு மார்ச்சில் இறந்தனர். பழைய ஏற்பாட்டில் ஐயர் முடித்திருந்தது ஆதியாகமம் முதல் ரூத்தின் சரித்திரம் வரை. பிறந்த நாட்டை விட்டு அயலார் ஊர் புகுந்து, கதிர் பொறுக்கி வாழ்ந்த பெண்ணின் கதை அது. அதற்கு அடுத்த சாமுவேலின் நூல் முதலாகச் சூல்ட்சே என்னும் ஊழியர் மொழிபெயர்த்து வந்தார். 1728-இல் அது முற்றுப்பெற்று அச்சேறிற்று.