சுல்தானுக்குப் போன வெள்ளி டாலர்

ஒரே ஒரு வெள்ளி நாணயம். அதன் மதிப்பு 1 டாலர். 2021-ம் ஆண்டில் அது ஏலத்துக்கு வந்தது. என்ன விலைக்குப் போயிற்று தெரியுமா? 76 லட்சத்து 80 ஆயிரம் டாலர்!

அமெரிக்க அரசாங்கம் மஸ்கட் சுல்தான் சயீதுக்குப் பரிசாகக் கொடுத்த நாணயம் இதுதான் என்று நாணய ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். யார் இந்த சயீத்?

இளம் வயதில் அரசர்

அரபு நாட்டில், கடலோரத்தில் உள்ளது மஸ்கட். அதை ஆண்டு வந்த சயீதின் தந்தை 1804-ல் கடற்பயணத்தின்போது கொல்லப்பட்டார். சயீத் அப்போது சிறுவர். பத்ர் என்ற உறவினர் ஆட்சியைக் கவனித்தார். இருவருக்கும் பகை மூண்டது. 1806-ல் பத்ரைக் கொன்றுவிட்டு சயீத் ஆட்சிக்கு வந்தார். அதன் பிறகு 50 ஆண்டுகள் ஆண்டார்.

சயீதிடம் நிறையக் கப்பல்கள் இருந்தன. ஆப்பிரிக்கக் கரையில் உள்ள சான்சிபார் தீவும் அவருடையதே. அங்கே கிராம்புத் தோட்டங்களைப் பெருக்கினார். செல்வம் குவிந்தது. ஆனால் அந்தத் தோட்டங்களில் பாடுபட்டவர்கள் அடிமைகள். ஆங்கிலேயர்களின் வற்புறுத்தலால், அடிமை வியாபாரத்தைக் குறைக்கும் ஒப்பந்தங்களில் 1822-லும் 1845-லும் அவர் கையெழுத்திட்டார்.

சுல்தான் கொடுத்த வாக்கு

1833-ல் எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கத் தூதர் மஸ்கட்டுக்கு வந்தார். வியாபார ஒப்பந்தம் ஏற்பட்டது. அமெரிக்கர்கள் இறக்கும் சரக்குக்கு 5 சதவீத வரிதான்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அமெரிக்கக் கப்பல் எதுவும் தன் கரையோரத்தில் உடைந்தால், தப்பி வரும் மாலுமிகளைத் தன் செலவிலேயே காப்பாற்றுவதாக சுல்தான் வாக்களித்தார். பணம் திருப்பித் தர வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

பழைய ஆண்டு, புதிய நாணயம்

சுல்தானுக்கு அனுப்பும் பரிசுகளோடு, அமெரிக்க நாணயங்களையும் ஒரு பெட்டியில் வைக்க 1834-ல் உத்தரவாயிற்று. பிலடெல்பியா நாணயச் சாலையில் வேலை தொடங்கியது.

வெள்ளி டாலர் அடிப்பது 1804-லேயே நின்று போயிருந்தது. அதனால் 1804 என்ற ஆண்டைப் பொறித்தே புது டாலர்களை அடித்தார்கள். ஆனால் உண்மையில் 1804-ல் அடித்த டாலர்களில் அதற்கு முந்திய ஆண்டுகளே இருந்தன!

இவை கடைப் புழக்கத்துக்கான காசுகள் அல்ல. அச்சையும் தகட்டையும் நன்றாக மெருகேற்றித் தனியாக அடித்தவை. முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னும். இவற்றை 'புரூப்' நாணயம் என்பார்கள். துணியால் தேய்த்தாலும் கீறல் விழும், விலை போய்விடும்.

தரை தட்டிய கப்பல்

1835 செப்டம்பரில் ராபர்ட்ஸ் பரிசுகளோடு 'பீகாக்' என்ற போர்க்கப்பலில் வந்து கொண்டிருந்தார். மசீரா தீவருகே கப்பல் தரை தட்டியது! கொள்ளைக்காரர்கள் சூழ்ந்தார்கள். ராபர்ட்ஸ் ஒரு சிறு படகில் ஏறி, உதவி தேடி மஸ்கட்டுக்கு விரைந்தார்.

சுல்தான் வாக்குத் தவறவில்லை. உடனே தன் கப்பலில் தண்ணீரும் உணவும் அனுப்பினார். அதற்குள் 'பீகாக்' மிதந்து, மஸ்கட் வந்து சேர்ந்தது. அக்டோபரில் நாணயப் பெட்டி சுல்தான் கைக்குப் போயிற்று. இதே போன்ற பெட்டி ஒன்று, இன்று தாய்லாந்து எனப்படும் சயாம் நாட்டின் மன்னருக்கும் 1836-ல் கிடைத்தது. அதே ஆண்டில் ராபர்ட்ஸ் மக்காவில் நோயால் இறந்தார்.

1840-ல் சயீத் தன் கப்பலை நியூயார்க்குக்கே அனுப்பினார். அதில் அமெரிக்க ஜனாதிபதிக்கு குதிரைகளும் முத்துக்களும் போயின. சட்டப்படி ஜனாதிபதி அவற்றைத் தனக்கென வைத்துக்கொள்ள முடியவில்லை. குதிரைகள் விற்கப்பட்டன. ஆனால் சுல்தானின் கப்பலை அமெரிக்கர்கள் இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுத்தார்கள்.

1856-ல் சயீத், தந்தையைப் போலவே, கடற்பயணத்தில் உயிர் நீத்தார். 1861-ல் அவருடைய ராஜ்யம் இரண்டாகப் பிரிந்தது.

கை மாறிய டாலர்

1804 என்று பொறித்த டாலர்களில் 16 மட்டுமே இருப்பதாகத் தெரிகிறது. சுல்தானுடையதாகக் கருதப்படும் நாணயம் 1917-ல் லண்டனில் ஏலம் போயிற்று. பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பியது. 1945 முதல் ஒரே குடும்பத்தாரிடம் இருந்தது. 1999-ல் 41 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்றது. 2021-ல் அதைவிடக் கூடுதலாகப் போயிற்று.

அதில் உள்ள வெள்ளியின் எடை 27 கிராம்கூட இல்லை. வெள்ளிக்காகவா இத்தனை விலை? இல்லை. அருமையான பொருள் என்பதோடு, அது யார் கையில் இருந்தது என்பதற்கும் சேர்த்தே இந்த விலை!