கொலின் சாப்மன்

அந்தோனி கொலின் புரூஸ் சாப்மன் (மே 19, 1928 - டிசம்பர் 16, 1982) இங்கிலாந்தைச் சேர்ந்த தானுந்து வடிவமைப்பாளரும் லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும் ஆவார்.

வாழ்க்கைக் குறிப்பு

ரிச்மண்டில் பிறந்த சாப்மன், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் பயின்றார். பழைய ஆஸ்டின் 7 தானுந்து ஒன்றை மாற்றியமைத்துத் தம் முதல் பந்தயத் தானுந்தை உருவாக்கினார். 1952 இல் லோட்டஸ் பொறியியல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

சுருள்வில்லும் அதிர்வுத்தாங்கியும்

தாழ்வான பந்தயத் தானுந்துகளுக்குக் கடினமான சுருள்வில்களே ஏற்றவை என்று பலர் கருதிய காலத்தில், சாப்மன் மென்மையான சுருள்வில்களையும், ஷாக் அப்சார்பர் எனப்படும் அதிர்வுத்தாங்கிகளில் இறுக்கமானவற்றையும் இணைத்தார். மென்மையான வில்லால் சக்கரம் மேடுபள்ளங்களிலும் தரையை விட்டு விலகாது. வில்லின் துள்ளலை அதிர்வுத்தாங்கி அடக்கும். 1962 இல் வெளியான லோட்டஸ் எலான் இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

தரை விளைவு

லோட்டஸ் 78 (1977), லோட்டஸ் 79 (1978) ஆகியவற்றின் அடிப்புறத்தில் விரைந்து பாயும் காற்று, வண்டியைத் தரையை நோக்கி இழுத்தது. 1978 இல் மரியோ ஆன்ட்ரெட்டி உலக வாகையாளரானார். ஆனால் தரையிலிருந்து வண்டியின் உயரம் மாறினால் இவ்விசை குன்றும். ஆகவே இவ்வகைத் தானுந்துகளில் சுருள்வில்கள் மிகக் கடினமாக்கப்பட்டன. ஓட்டுநர்கள் கடும் அதிர்வுக்கு உள்ளாயினர். இதற்குத் தீர்வாக, லோட்டஸ் 88 (1981) இரட்டைச் சட்டகத்துடன் அமைந்தது. வெளிச்சட்டகம் காற்றின் விசையை நேரே சக்கரங்களுக்குக் கடத்தியது. ஓட்டுநர் அமர்ந்த உட்சட்டகம் மென்மையான வில்களின் மீது இருந்தது. விதிகளுக்கு முரணானது எனக் கூறி அது தடை செய்யப்பட்டது.

மறைவு

சாப்மன் 54ஆம் அகவையில் மாரடைப்பால் காலமானார். அவர் காலத்தில் தொடங்கிய, கணினி கட்டுப்படுத்தும் தொங்கல் அமைப்பைக் கொண்ட லோட்டஸ் தானுந்தில் அயர்டன் சென்னா 1987 மொனாக்கோ பந்தயத்தை வென்றார்.