காந்திகிராமம் கண்ட சௌந்தரம் அம்மையார்

கல்விச்சாலை ஒன்றைத் தொடங்குதல் எளிது. தொடங்கியவர் காலத்திற்குப் பின்னும் அது தழைத்து நிற்றலே அரிது. திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டி அருகே விளங்கும் காந்திகிராமத்தைக் காணுங்கால், டாக்டர் டி.எஸ். சௌந்தரம் அம்மையாரை நாம் நினையாதிருத்தல் இயலாது.

தொழிலதிபர் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகளாக அம்மையார் 1904-ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே மணமுடித்து, மருத்துவரான கணவரையும் இளமையிலேயே இழந்தார். பெற்றோர் அவரை வீட்டினுள் முடக்காது படிக்க வைத்தனர். டில்லியில் மருத்துவம் பயின்று 1936-இல் பட்டம் பெற்றார். காந்தியடிகளின் ஆசியுடன் 1940-இல் ஜி. இராமச்சந்திரனை மணந்தார்.

1944-இல் கஸ்தூரிபாய் அம்மையார் மறைந்தபின், சிற்றூர்ப் பெண்கள், குழந்தைகளின் நலனுக்காக நாடெங்கும் ஒரு கோடி ரூபாய்க்கும் மேலான நிதி திரண்டது. அந்நிதியத்தின் தமிழகப் பொறுப்பு சௌந்தரம் அம்மையாரிடம் வந்தது. 1947-இல் கணவரும் மனைவியுமாகக் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர்.

சிறு மருத்துவ விடுதியாக எழுந்த பணி கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. ஆதாரக் கல்விப் பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் உடன் வளர்ந்தன. ஆயினும் நன்கொடை ஆண்டுதோறும் ஒரே அளவில் வருவதன்று. கதர் நூற்றல், நெய்தல், சித்த ஆயுர்வேத மருந்து செய்தல் போன்ற தொழில்களும் அங்கே இடம்பெற்றன. ஊரார்க்கு அவை ஊதியமும் தந்தன. நடுவண் அரசின் கிராமிய உயர்கல்வித் திட்டத்தின் கீழ் 1956-இல் கிராமிய உயர்கல்வி நிலையம் உருவாயிற்று. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மருத்துவமனையும் பள்ளிகளும் அறக்கட்டளையின் பொறுப்பில் நிற்க, உயர்கல்விக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவி கிடைத்தது. இங்ஙனம் சுமை ஒரு தோளில் மட்டும் தங்கவில்லை.

அம்மையார் 1952-இல் ஆத்தூரிலும் 1957-இல் வேடசந்தூரிலும் சட்டமன்றத்திற்கும், 1962-இல் திண்டுக்கல்லில் நாடாளுமன்றத்திற்கும் தேர்ந்தெடுக்கப் பெற்றார். மத்தியக் கல்வித் துணை அமைச்சராகப் பணிபுரிந்தார். 1962-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1967 தேர்தலில் தோல்வியுற்றார். பதவி சென்றது, காந்திகிராமம் குன்றவில்லை. 1984-இல் அவர் மறைந்தார். அப்போதும் கதவுகள் அடைபடவில்லை. 2005-இல் அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலை வெளியாயிற்று.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானம் நமக்குப் புதியதன்று. இவற்றுள் மருந்தும் கல்வியும் ஒருங்கே வழங்கிய இவ்வம்மையாரின் வாழ்வு நமக்கும் பாடமாகும். நம் சிற்றூர்களில் ஆர்வத்தோடு தொடங்கிய பாடசாலைகள் பல, தொடங்கியவர் தளர்ந்ததும் தளர்ந்துவிடுகின்றன. விழாநாளில் தரும் பெருந்தொகையைவிட, கரையாத வைப்புநிதியும், பொறுப்பை ஏற்க இளையோரைப் பழக்குதலும் நம் பிள்ளைகளின் கல்வியை நெடுங்காலம் காக்கும். இதனை நம் குடும்பங்கள் கூடிச் சிந்திக்குமாக.