வானில் தேடிய குருவானவர்

பியாசி அடிகளாரை நாம் அறிவோமா? 1746-இல் இத்தாலியில் பிறந்த துறவி அவர். சிசிலித் தீவின் பலெர்மோ வானாய்வுக்கூடத்தில் விண்மீன்களைப் பட்டியலிட்டு வந்தார். 1801 ஜனவரி முதல் நாளிரவு புதிய ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டார். மறுநாள் அது இடம் மாறியிருந்தது! 24 இரவுகள் அதைக் கவனித்துக் குறித்து வைத்தார். பிப்ரவரியில் நோயுற்றார், புள்ளியும் கதிரவன் ஒளியில் மறைந்தது. கண்டெடுத்தது கைநழுவிப் போயிற்றோ? இல்லை. அக்குறிப்புகளைக் கொண்டே 24 வயதுக் கணித மேதை காஸ் அதன் பாதையைக் கணக்கிட்டார். அவ்வாண்டின் கடைசி இரவில் அது மீண்டும் அகப்பட்டது. முதல் சிறுகோளாகிய அதற்கு அடிகளார் சூட்டிய பெயர் சீரிஸ். ரோமானியரின் பயிர்த் தேவதை பெயர் அது. 1826-இல் அவர் மறைந்தார். 1000-ஆவது சிறுகோள் அவர் பெயரைத் தாங்கி வலம் வருகிறது. அன்றாடக் கடமையை ஒழுங்காகச் செய்தால் அது வீண்போகாது என நாம் அவரிடம் கற்கிறோம்.