குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ்

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ளது அலபாமா மாநிலம். அங்கே, பருத்தி விளையும் நாட்டுப்புறத்தில், 1914ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் ஜோசப் லூயிஸ் பாரோ பிறந்தார். எட்டுப் பிள்ளைகளுள் அவர் ஏழாமவர். அவருடைய முன்னோர் அடிமைகளாக வாழ்ந்தவர்கள். ஜோவுக்கு இரண்டு வயதானபோது தந்தை மனநோயுற்று மருத்துவ விடுதியில் சேர்க்கப்பட்டார். தாய் மறுமணம் செய்துகொண்டார். 1926இல் குடும்பம் பிழைப்பை நாடி வடக்கே டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது.

ஊர்விட்டு ஊர் வந்த பிள்ளைக்குப் புதிய பள்ளியின் முதல் நாள்கள் எப்படி இருக்கும் என்பதை உங்களுள் பலர் அறிவீர்கள். நாட்டுப்புறத்தில் படிப்பு குன்றியிருந்ததால் ஜோ வயதிற் சிறியவர்களோடு அமர்த்தப்பட்டார். இயல்பாகவே அதிகம் பேசாத சிறுவர். மேலும் வாய் மூடினார். பின்னர்த் தொழிற்பள்ளியில் மரவேலை கற்றார். மகன் இசை பயில வேண்டும் என்று விரும்பிய தாய், வயலின் வகுப்புக்குக் காசு கொடுத்தார். அக்காசு உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்றது. வயலின் பெட்டிக்குள் கையுறைகளை ஒளித்து வைத்திருந்தார் என்றும் கூறுவர்.

1934ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் சிகாகோவில் ஜோ லூயிஸ் தொழில்முறை வீரராகக் களம் இறங்கினார். வெற்றிகள் தொடர்ந்தன. ஆனால் களத்துக்கு வெளியேயும் அவருக்கு ஒரு போட்டி இருந்தது. அவருக்கு முன் கனரகப் பிரிவின் வாகையராக விளங்கிய கறுப்பினத்தவர் ஜாக் ஜான்சன் ஒருவரே. வெள்ளையரை வென்றுவிட்டு வெளிப்படையாக மகிழ்ந்த அவரைப் பலரும் வெறுத்தனர். 1915இல் ஜான்சன் தோற்றபின் கறுப்பினத்தவர் எவருக்கும் அப்பட்டத்துக்காகப் போட்டியிட வாய்ப்பு அளிக்கப்படவில்லை. ஆகவே லூயிஸின் மேலாளர்கள் அவருக்குக் கடுமையான நெறிகளை வகுத்தனர். வீழ்ந்தவரை ஏளனம் செய்யலாகாது, வெற்றியில் துள்ளலாகாது, செருக்கோடு பேசலாகாது. இருபது வயது இளைஞர் தம் மகிழ்ச்சியைக்கூட அளந்தே காட்ட வேண்டியிருந்தது. இது எத்தகைய சுமை!

1936இல் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் அவரைப் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். இடக்கையால் குத்தியவுடன் லூயிஸ் அக்கையைத் தாழ்த்திவிடுவதை ஷ்மெலிங் நுட்பமாகக் கண்டறிந்திருந்தார். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் மக்கள் தெருவில் நின்று அழுதனர். மறு ஆண்டு ஜேம்ஸ் பிராடக்கை வென்று லூயிஸ் உலக வாகையரானார். ஆயினும் ஷ்மெலிங்கை வெல்லாதவரை அப்பட்டம் முழுமை பெறவில்லை என்றே கருதினார்.

இருவரும் 1938ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் நியூயார்க்கில் மீண்டும் மோதினர். ஏறத்தாழ 70,000 பேர் அரங்கில் திரண்டனர். கோடிக்கணக்கானோர் வானொலியருகே காத்திருந்தனர். ஹிட்லரின் ஆட்சி ஷ்மெலிங்கைத் தன் இனத்தின் உயர்வுக்குச் சான்றாகக் காட்டியது. (அவர் நாஜிக் கட்சியின் உறுப்பினர் அல்லர். அதே ஆண்டில் யூதச் சிறுவர் இருவரைத் தம் விடுதி அறையில் ஒளித்துக் காத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.) போட்டி 2 நிமிடம் 4 நொடியில் முடிந்தது. முதுகெலும்பில் முறிவுற்ற ஷ்மெலிங் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கறுப்பின இளைஞர் ஒருவரின் வெற்றியை அமெரிக்கா முழுவதும் தன் வெற்றியாகக் கொண்டாடியது. அந்நாளில் தென்மாநிலங்களில் அவ்விளைஞர் வெள்ளையரோடு ஒரே உணவகத்தில் அமர இயலாது.

லூயிஸ் 1949 வரை பட்டத்தை 25 முறை காத்தார். உலகப் போரின்போது படையில் சேர்ந்து, வீரர்களுக்காகக் காட்சிப் போட்டிகளில் ஆடினார். இரு போட்டிகளின் ஊதியத்தைப் படையினரின் நிவாரண நிதிக்கு வழங்கினார். அப்பணமும் அவருடைய வருமானமாகவே கணக்கிடப்பட்டது. வட்டியோடு பெருகிய வரிக்கடன் ஐந்து இலட்சம் டாலரைத் தாண்டியது. ஓய்வு பெற்றவர் கடனுக்காக மீண்டும் களம் ஏறினார். 1951இல் இளைஞர் ராக்கி மார்சியானோ அவரை எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். தம் இளமைக்கால நாயகனை வீழ்த்திய வருத்தத்தில், வென்றவரே அழுதார்.

குத்துச்சண்டைப் பயிற்சி இதயத்தையும் தசைகளையும் உறுதியாக்கும் என்பது உண்மை. கயிறு தாண்டுதலும் நெடுந்தொலைவு ஓடுதலும் அதன் அன்றாடப் பயிற்சிகள். ஆனால் தலையில் விழும் குத்து வேறு வகையானது. மூளை மிக மென்மையானது. மண்டையோட்டுக்குள் நீர்மத்தில் மிதப்பது. குத்து விழுந்து தலை வெடுக்கெனத் திரும்பும்போது மூளை குலுங்குகிறது. நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டுச் சிதைகின்றன. கையுறை, குத்துபவரின் விரல் எலும்புகளைக் காக்குமேயன்றிக் குத்துப்படுபவரின் மூளையைக் காக்காது. மார்ட்லண்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் 1928லேயே இதை எழுதினார். குத்துச்சண்டை வீரர் சிலர் பிற்காலத்தில் தள்ளாடி நடப்பதையும், நினைவு மங்குவதையும் அவர் நோயாகவே இனங்கண்டார். லூயிஸ் புகழின் படிகளில் ஏறத் தொடங்குமுன்பே இவ்வுண்மை அச்சேறியிருந்தது.

பிற்காலத்தில் லூயிஸின் மனம் கலங்கியது. யாரோ நச்சுக்காற்றைச் செலுத்துவதாக அஞ்சித் தங்கும் அறைகளின் காற்றுத் துளைகளை அடைத்தார். 1970இல் டென்வர் நகரில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தந்தையின் நோய், போதைப்பொருள், கடன் சுமை, பல்லாண்டு வாங்கிய குத்துகள் ஆகிய இவற்றுள் ஒன்றை மட்டும் காரணம் எனப் பிரித்துக் கூறல் அரிது. லாஸ் வேகாஸ் நகரின் சூதாட்ட விடுதியொன்றில் விருந்தினரை வரவேற்கும் பணியைச் செய்துவந்தார். 1977இல் இதய அறுவைக்குப்பின் சக்கர நாற்காலியே துணையாயிற்று.

1981ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், 66ஆம் வயதில், ஜோ லூயிஸ் காலமானார். குடியரசுத் தலைவர் ரீகன் விதியைத் தளர்த்தியதால் ஆர்லிங்டன் படைவீரர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். இறுதிச் சடங்கின் செலவுக்கு உதவியவர்களுள் எழுபத்தைந்து வயது முதியவர் ஒருவரும் இருந்தார். போருக்குப்பின் லூயிஸைத் தேடிவந்து நண்பராகி, வறுமையில் அவருக்குப் பொருள் அளித்துவந்த மாக்ஸ் ஷ்மெலிங்தான் அவர்.